மாசம் எண்பத்து மூணு ரூபாய்

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, விஷயமே அதுதான். காரைக்காலில் எங்கள் தெருவில் ரொம்ப வருஷம் கல்யாணப் பத்திரிகைகளுக்கு விலாசம் எழுதியது நான்தான். சபராளி வீட்டுப் பெண்கள் பினாங்குக்கும் துபாய்க்கும் கடிதம் எழுத என்னிடம்தான் வருவார்கள். 'சபர்' என்றால் பயணம். பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போகிறவனுக்கு எங்கள் கடற்கரையில் சபராளி என்று பெயர். 'அன்புள்ள மச்சானுக்கு' என்று ஆரம்பித்து, அவர்கள் வெட்கப்பட்டு விழுங்குகிற வார்த்தைகளை நானே ஊகித்து எழுதிவிடுவேன். பதினெட்டு, பத்தொன்பது வயதில் அது ஒரு தனி கெத்து!

அந்தக் கெத்தில்தான் 1988-ல் ஒரு காரியம் செய்தேன். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

என் பெரியம்மா மகள். எனக்கு லாத்தா. அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். லாத்தாவின் புருஷன் பினாங்கில் கடை வைத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் வீடு முழுக்க சென்ட் வாசனை. மூன்று வயசில் ஒரு பெண் குழந்தை. ஒரு நாள் ஏர்மெயில் கவரில் கடிதம் வந்தது. வழக்கம்போல என்னைத்தான் கூப்பிட்டார்கள், படித்துச் சொல்ல. சமையல்கட்டு வாசலில் நின்று பிரித்தேன். உள்ளே நாலு வரி. மூன்று முறை அந்த ஒரே வார்த்தை.

படிக்க மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. சத்தமாகப் படித்தேன். லாத்தா கையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அரிவாள்மனை. கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவ படி தம்பி" என்றார்கள்.

அடுத்த மாசம் பஞ்சாயத்து. பெரியவர்கள் ஐந்தாறு பேர், மாப்பிள்ளையின் தாய்மாமா, எங்கள் பெரியப்பா. பெண்கள் அங்கே உட்காரக் கூடாது. லாத்தா பக்கத்து வீட்டு நடையில் திரைக்குப் பின்னால் நின்றிருந்தார்கள், இடுப்பில் பிள்ளையோடு. உள்ளே இருந்து கேள்வி போகும், வெளியே இருந்து பதில் வரும். பதில் வருவதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்கள்.

அந்த வருஷம் எல்லார் வாயிலும் ஒரே பேச்சுதான். "அதான் சட்டமே வந்துடுச்சே, மூணு மாசம் இத்தா காசு குடுத்தாப் போதும்!" எந்தச் சட்டம் என்று இளைய வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் இந்தூரைச் சேர்ந்த ஷா பானு என்ற மூதாட்டி. 1932-ல் கல்யாணம், ஐந்து பிள்ளைகள். 1975-ல் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டார். 1978-ல் தலாக். புருஷன் வக்கீல்! கீழ்க் கோர்ட் அந்தம்மாவுக்குப் போட்ட ஜீவனாம்சம் மாசம் 25 ரூபாய். ஹைகோர்ட் அதை 179 ரூபாய் 20 காசு ஆக்கியது. அந்த இருபது காசைக் கணக்குப் போட்ட புண்ணியவான் யாரோ! 1985 ஏப்ரல் 23-ல் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது. நாடே அல்லோலகல்லோலப்பட்டது. ஊர்வலம், கண்டனம், எதிர்க் கண்டனம். அடுத்த வருஷமே ராஜீவ் காந்தி அரசு ஒரு புதுச் சட்டம் போட்டது: 1986-ன் முஸ்லிம் பெண்கள் விவாகரத்துப் பாதுகாப்புச் சட்டம். 'இத்தா காலத்துக்குள் நியாயமான தொகை கொடுக்கணும்' என்று அதில் எழுதியிருந்ததை, 'இத்தா காலத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும்' என்று ஊர் ஊராகப் படித்துக்கொண்டார்கள். எங்கள் ஊரும்தான்.

பேரம் ஆரம்பமானது. பெரியப்பா 40,000 கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் 8,000-ல் நின்றார்கள். அப்போது ஒருவர் சொன்னார்: "பொண்ணுக்கு வீடு இருக்கே, என்ன கொறச்சல்?"

இதைக் கொஞ்சம் விளக்கணும். காரைக்கால், நாகூர் முதல் தெற்கே கீழக்கரை, காயல்பட்டினம் வரை எங்கள் கடற்கரையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பல குடும்பங்களில் கல்யாணமானதும் பெண் புருஷன் வீட்டுக்குப் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணைப் பெற்றவர் அவள் பேருக்கு வீடோ, வீட்டில் ஒரு பாகமோ கொடுத்துவிடுவார். கடலில் போன ஆம்பிளை எப்போது வருவானோ, வராமலே போவானோ, பெண்ணுக்குத் தலைக்கு மேல் கூரை இருக்கணும் என்று கணக்குப் போட்டவர்கள் எங்கள் முன்னோர்கள். அந்தக் கூரைதான் லாத்தாவைக் காப்பாற்றியது. அந்தக் கூரையைக் காட்டித்தான் அவர்கள் தொகையைக் குறைத்தார்கள்.

கடைசியில் 15,000 ரூபாய் என்று முடிந்தது. நகை திரும்ப வரும். மஹர் அதிலேயே அடக்கம்.

"தம்பி, உன் கையெழுத்து நல்லா இருக்குமே, நீயே எழுதிடு" என்று ஸ்டாம்ப் பேப்பரை என் பக்கம் தள்ளினார்கள். பெரியவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'மேற்படி தொகையை முழுவதும் பெற்றுக்கொண்டபடியால், எனக்கும், என் குழந்தைக்கும் சேர்த்து, இனி எக்காலத்திலும் எவ்வித பாத்தியதையும் கோருவதில்லை.' அந்த வரியில் ஒரு இடத்தில் பேனா நின்றது. மனசாட்சி உறுத்தியது என்று நினைத்துவிடாதீர்கள். 'பாத்தியதை'க்கு ஒற்று இரண்டு வருமா, ஒன்றா என்று சந்தேகம்! கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதினேன். திரைக்குப் பின்னால் பேப்பர் போனது. கையெழுத்தோடு திரும்பி வந்தது. பெரியவர் படித்துப் பார்த்துவிட்டு, "முத்து முத்தா இருக்கு" என்றார்.

அந்தப் பெரியவர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிடணும். அவர் மௌத்தாகிற வரை ஒவ்வொரு நோன்புக்கும் லாத்தா வீட்டுக்கு அரிசி மூட்டை அனுப்பினார். தர்மம் செய்யத் தெரிந்த மனுஷர். அந்தப் பிள்ளைக்கு வரவேண்டியது தர்மம் இல்லை, பாக்கி என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பிள்ளைக்கு அப்போது வயசு 3. பதினெட்டு ஆக இன்னும் 15 வருஷம். அதாவது 180 மாசம். 15,000-ஐ 180-ஆல் வகுத்துப் பாருங்கள். மாசம் 83 ரூபாய் 33 காசு. லாத்தாவுக்கென்று ஒரு பைசா ஒதுக்காமல், மஹரையும் கழிக்காமல், முழுசும் பிள்ளைக்கே என்று வைத்தாலும் இவ்வளவுதான். நாள் ஒன்றுக்கு மூன்று ரூபாய்கூட இல்லை. இதில் பால், ஸ்கூல் பீஸ், யூனிபார்ம், காய்ச்சல், பெருநாள் துணி, எல்லாம்.

லாத்தா காலையில் தெருப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தார்கள். மத்தியானம் தையல் மிஷின். சாயங்காலம் இறால் வாடா போட்டு விற்றார்கள். நாகூர், காரைக்கால் பக்கம் வந்தவர்களுக்கு வாடா தெரியும். தெரியாதவர்கள் வடை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், அது வேறு ஜாதி! லாத்தா கை வாடாவுக்கு அடுத்த தெருவிலிருந்தும் ஆள் வரும். நானும் காசு கொடுத்து வாங்கித் தின்றிருக்கிறேன். காசு கொடுக்கிறோமே என்று ஒரு திருப்தி வேறு.

நான் டிகிரி முடித்து வேலை தேடி அலைந்து, கடைசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கையெழுத்துதான் சோறு போட்டது. 1997 கடைசியோ, 98 ஆரம்பமோ. சீனியர் புதிதாக வந்த தீர்ப்புப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "இதைப் படிச்சியா, நல்ல தீர்ப்பு" என்றார். நூர் சபா காத்தூன் வழக்கு. பீகாரைச் சேர்ந்த பெண், மூன்று பிள்ளைகள். தலாக்குக்குப் பிறகு புருஷன் கோர்ட்டுக்குப் போய், '1986 சட்டப்படி பிள்ளைகளுக்கு இரண்டு வயசு வரைக்கும்தான் நான் கொடுக்கணும்' என்று வாதாடினான். 1997-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஒரே போடாகப் போட்டது. இரண்டு வயசுக் கணக்கு, பாலூட்டுகிற தாய்க்குக் கொடுக்கிற தொகைக்கு. பிள்ளையின் உரிமை தனி. அதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ம் பிரிவு இருக்கிறது. பிள்ளை மேஜராகிற வரை, தன் காலில் நிற்கிற வரை, பெண்ணாக இருந்தால் கல்யாணம் வரை அப்பன் கொடுத்தே ஆகணும். தாய்க்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்ற சண்டைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சீனியர் இன்னொன்றும் சொன்னார். "அம்மா தன் உரிமையை வேணும்னா விட்டுக் குடுக்கலாம். பிள்ளையோடத விட்டுக் குடுக்க அவளுக்கு ஏது அதிகாரம்? அப்படி எழுதி வாங்கின பேப்பர் வெறும் பேப்பர்."

எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. என் முத்து முத்தான கையெழுத்து வெறும் பேப்பர்!

இந்த இடத்தில் நீங்கள் என்ன எதிர்பார்ப்பீர்கள்? அன்றைக்கு சாயங்காலமே லாத்தா வீட்டுக்கு ஓடினேன் என்றுதானே? ஓடவில்லை. பிள்ளைக்கு அப்போது 12 வயசு. இன்னும் ஆறு வருஷம் பாக்கி இருந்தது. என் சீனியரே கேஸ் போட்டிருப்பார், பீஸ்கூட வாங்கியிருக்கமாட்டார். நான் என்னென்னவோ சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆள் பினாங்கில், சம்மன் எங்கே போகப் போகிறது? அப்போதெல்லாம் அந்தப் பிரிவில் ஒருத்தருக்கு மாசம் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது, 2001-ல்தான் அந்த உச்சவரம்பை எடுத்தார்கள். ஐந்நூறு ரூபாய்க்காகக் கோர்ட் வாசலில் நிற்கணுமா? பெரியப்பா வருத்தப்படுவாரே? எல்லாம் சாக்கு. போய்ச் சொன்னால், 'எழுதினது நீதானே தம்பி' என்று லாத்தா கேட்பார்களே, அந்தப் பயம்தான்.

ஐந்நூறு ரூபாய், எண்பத்து மூன்றைப் போல ஆறு மடங்கு. இந்தக் கணக்கை அன்றைக்கு நான் போடவில்லை.

நீங்கள் ஒன்றைக் கவனிக்கணும். மனைவிக்கு இத்தாவுக்கு அப்புறமும் ஜீவனாம்சம் உண்டா இல்லையா என்பதில் ஆலிம்களுக்கும் கோர்ட்டுக்கும் நாற்பது வருஷமாக வழக்கு. 2001-ல் டேனியல் லத்தீஃபி தீர்ப்பு வந்தது. லத்தீஃபி, ஷா பானுவின் வக்கீல். 1986 சட்டம் செல்லும், ஆனால் இத்தாவுக்குள் கொடுக்கிற 'நியாயமான தொகை' அவளுடைய பிற்கால வாழ்க்கைக்கும் போதுமானதாக இருக்கணும் என்றது கோர்ட். 2024 ஜூலை 10-ல் தெலங்கானாவிலிருந்து போன அப்துல் சமது வழக்கில், விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கு 125-ம் பிரிவும் உண்டு என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிரிவு அதே மாசம் முதல் தேதியிலிருந்து புதுச் சட்டத்தில் 144-ம் பிரிவாக நம்பர் மாறியிருக்கிறது. சரி, இதிலெல்லாம் இரண்டு கட்சி உண்டு. நான் ஒரு கட்சி, என் மச்சான் ஒரு கட்சி. பெருநாள் பிரியாணியை வைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறோம்.

ஆனால் பிள்ளைக்கு அப்பன் சோறு போடணுமா என்பதில் எந்தக் காலத்தில் எந்த ஆலிம் வேண்டாம் என்றார்? நாலு மத்ஹபும் ஒன்றாகச் சொல்கிற விஷயம் அது. குர்ஆனில் தலாக் பற்றியே தனி அத்தியாயம் இருக்கிறது. பிரிந்த மனைவி உன் பிள்ளைக்குப் பாலூட்டினால் அதற்குக்கூட அவளுக்குக் கூலி கொடு என்கிறது. அபூ சுஃப்யானின் மனைவி ஹிந்த், 'என் புருஷன் கஞ்சன், போதுமான அளவு தருவதில்லை' என்று நபிகளிடமே முறையிட்டார். 'உனக்கும் உன் பிள்ளைக்கும் தேவையானதை, நியாயமான அளவில், அவர் பணத்திலிருந்து எடுத்துக்கொள்' என்றார்கள் நபிகள். ஓதிக்கொடுக்கிற லாத்தாவுக்கு இந்த ஹதீஸ் தெரியாமலா இருக்கும்? எடுத்துக்கொள்ள வீட்டில் அவர் பணம் இருந்தால்தானே!

சண்டை இல்லாத விஷயம் என்பதால்தான் பிள்ளையைப் பற்றி யாரும் பேசவில்லையோ என்று எனக்கு ஒரு எண்ணம். 2019-ல் முத்தலாக் சட்டம் வந்தது. டிவியில் நாள் முழுக்க 'மூன்று வருஷம் ஜெயில்' என்றே பேசினார்கள். அதே சட்டத்தின் 5-ம் பிரிவில் மனைவிக்கும் அவளைச் சார்ந்த பிள்ளைகளுக்கும் பிழைப்புத்தொகை கொடுக்கணும் என்று இருக்கிறது. அதைப் பற்றி ஒரு விவாதம்கூட என் கண்ணில் படவில்லை.

இனி கொஞ்சம் கடல் தாண்டிப் போவோம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது பழக்கம்தானே.

1990-களின் நடுவில் பினாங்கிலிருந்து ஊருக்கு வந்த ஒருவர் சேதி சொன்னார். லாத்தாவின் பழைய புருஷன் அங்கே ஒரு கல்யாணம் செய்து, இரண்டு பிள்ளை பெற்று, அவளையும் தலாக் சொல்லிவிட்டார். அந்தப் பெண் அங்குள்ள ஷரியா கோர்ட்டுக்குப் போனாள். இத்தா செலவு, ஆறுதல் தொகையான 'முத்ஆ', அப்புறம் இரண்டு பிள்ளைகளுக்கும் மாசாமாசம் இவ்வளவு என்று உத்தரவு. "மாசம் பொறந்தா கட்டிடறாருப்பா, கட்டாட்டி விடமாட்டாங்க" என்றார் வந்தவர், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல.

மலேசியாவில் 1984-ல் கூட்டரசுப் பகுதிகளுக்கு இஸ்லாமியக் குடும்பச் சட்டம் இயற்றினார்கள். மற்ற மாநிலங்களிலும் அதேபோலச் சட்டங்கள் உண்டு. பிள்ளைக்குப் பதினெட்டு வயசு வரை அப்பன் செலவு. மேல்படிப்பு என்றால் கோர்ட் அதற்கு அப்புறமும் நீட்டிக்கலாம். கல்யாண வாழ்க்கையில் இருவரும் சேர்ந்து சம்பாதித்த சொத்தில் மனைவிக்குப் பங்கு கேட்கவும் வழி இருக்கிறது, அவள் வீட்டில் சமைத்துக்கொண்டு இருந்தவளாக இருந்தாலும். 2008-ல் ஷரியா நீதித்துறையிலேயே குடும்ப ஆதரவுப் பிரிவு என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். உத்தரவு வந்தும் அப்பன் கட்டவில்லையா? அந்த நிதியிலிருந்து தாய்க்கு முன்பணம் கொடுத்துவிட்டு, அவனிடம் பிறகு வசூல் செய்கிறார்கள். அங்கேயும் டிமிக்கி கொடுக்கிற அப்பன்கள் இல்லாமல் இல்லை. இல்லாவிட்டால் அப்படி ஒரு பிரிவே எதற்கு?

இதில் என்னை உறுத்தியது ஒன்றுதான். மலாய்க்காரர்கள் ஷாஃபிஈ மத்ஹப். எங்கள் கடற்கரை மரைக்காயர் குடும்பங்களும் பெரும்பாலும் ஷாஃபிஈ. அதே கிதாபு, அதே மனுஷன். அங்கே பெற்ற இரண்டு பிள்ளைகளுக்கு மாசாமாசம். இங்கே பெற்ற பிள்ளைக்கு என் கையெழுத்து.

பிரான்ஸ் பக்கமும் ஒரு நடை போய்வரலாம், காரைக்கால்காரன் அதைச் சொல்லாமல் விட்டால் எப்படி! 1954 நவம்பர் 1 வரை எங்களை ஆண்டவர்கள் அவர்கள். சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ல். எங்கள் ஊரில் 'பென்ஷன்' என்றாலே பிரெஞ்சு பென்ஷன்தான். சைகோனில் சிப்பாயாக இருந்தவர், அவர் விதவை என்று தெருவுக்கு ஒரு பென்ஷன் வீடு. அந்த வீட்டுக்குத் தனி மரியாதை, கடையில் கேட்காமலே கடன். பிரெஞ்சில் பிள்ளை வளர்ப்புத் தொகைக்கும் பென்ஷன் என்றுதான் பெயர்: 'பான்சியோன் அலிமான்தேர்'. சாப்பாட்டு பென்ஷன்! அங்கே 2023 ஜனவரியிலிருந்து, விவாகரத்தில் பிள்ளைக்குத் தொகை நிர்ணயித்தால், தாய் தகப்பன் இருவருமே வேண்டாம் என்றாலொழிய, பணம் அரசு நிறுவனம் வழியாகத்தான் போகிறது. அப்பன் அவர்களிடம் கட்டுவான், அவர்கள் தாயின் கணக்கில் போடுவார்கள். தாய் போன் செய்து கெஞ்சவேண்டியதில்லை. பாரீஸ் பக்கம் இருக்கிற சொந்தக்காரப் பெண் ஒருத்தி இதைச் சொன்னபோது, "ஏன் மாமா, நம்ம ஊர்ல யாருகிட்ட போய்க் கட்டுவாங்க?" என்று கேட்டாள். நம்ம ஊரில் கோர்ட் உத்தரவு போட்டாலும் வசூலிக்க அந்தத் தாய்தான் திரும்பத் திரும்ப மனுப் போடணும். கட்டாத பணத்துக்கு ஒரு வருஷத்துக்குள் மனுப் போடாவிட்டால் வாரண்டும் கிடையாது. ஆள் வெளிநாட்டில் என்றால் கேட்கவே வேண்டாம். பிள்ளைகளுக்கான தொகையை நாடு தாண்டி வசூலிக்க 2007-ல் ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதில் இந்தியா சேரவில்லை. இத்தனை லட்சம் சபராளிகளை அனுப்புகிற நாடு!

எங்கள் ஊர் என்றதும் உங்களுக்கு நினைவு வருவது காரைக்கால் அம்மையார். ஆனி மாசம் மாங்கனித் திருவிழாவில் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். சின்ன வயசில் நாங்களும் கூட்டத்தில் புகுந்து பிடித்திருக்கிறோம். அந்தக் கதையிலும் புருஷன் கப்பல் ஏறிய வணிகன்தானே. பரமதத்தன் திரும்பி வரும்போது காரைக்காலுக்கு வரவில்லை. பாண்டிய நாட்டில் இறங்கி, வேறு கல்யாணம் செய்து, பிறந்த பெண்ணுக்குப் பழைய மனைவியின் பெயரையே வைத்தான். இந்தம்மாவைச் சுற்றத்தார் பல்லக்கில் கூட்டிப்போய் முன்னால் நிறுத்தியதும் குடும்பத்தோடு காலில் விழுந்தான். அவன் வராத அத்தனை காலம் புனிதவதி வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று நான் ஒருமுறை ஒரு தமிழாசிரியரிடம் கேட்டேன். முறைத்தார்.

லாத்தா போன வருஷம் மௌத்தாகிவிட்டார்கள். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து இரண்டு வாரம் இருக்கும். அந்தப் பிள்ளை என் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை என்கிறேன், அவளுக்கே இப்போது நாற்பது வயசு. பி.காம். படித்து, ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"மாமா, உம்மா பெட்டியில இருந்துச்சு. இது உங்க கையெழுத்துதானே?"

மடிப்பில் கிழிந்திருந்தது. மை பழுப்பாகியிருந்தது. எழுத்து மட்டும் அப்படியே. முத்து முத்தாக.

"ஆமாம்மா" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கணக்குப் பேப்பரைப் பார்க்கிறவள்போல விரலை வரி வரியாக ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினாள். "குழந்தைக்கும் சேர்த்துன்னு இருக்கே மாமா. இதுல உம்மா மட்டும்தானே கையெழுத்துப் போட்டிருக்காங்க. நான் போடலையே?"

சுப்ரீம் கோர்ட் பக்கம் பக்கமாகச் சொன்னதை அவள் ஒரே வரியில் கேட்டுவிட்டாள்.

"இது செல்லாதுன்னு உங்களுக்குத் தெரியுமா மாமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. "தெரியும்மா. உனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும்போதே தெரியும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். உள்ளே இருந்து என் மனைவி கொண்டுவந்த டீயைக் குடித்தாள். கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "எட்டாவது படிக்கும்போது ஒரு வருஷம் பீஸ் கட்ட முடியாம வளையல வித்தாங்க உம்மா. அந்த வருஷம்தான்" என்றாள். அவ்வளவுதான். ஸலாம் சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது அவளால் எதுவும் வாங்க முடியாது. உத்தரவு வந்தால் மனுப் போட்ட தேதியிலிருந்துதான் தொகை கணக்காகும், 2020-ல் சுப்ரீம் கோர்ட் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. மனுவே போடாத பதினைந்து வருஷத்துக்கு எந்தத் தேதி? அந்த ஆளும் மௌத்தாகிப் பல வருஷமாயிற்று.

உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இப்படி ஒரு பேப்பரைப் பெட்டியில் வைத்திருந்தால், பிள்ளைக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை என்றால், தயவுசெய்து உடனே சொல்லுங்கள். வக்கீல் பீஸுக்குப் பயப்படவேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுப்பார்கள், 1987-லேயே சட்டம் இருக்கிறது. இரண்டு தரப்பும் சொத்து, வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யணும் என்பதும் அதே 2020 தீர்ப்புதான். 'எனக்கு வருமானமே இல்லீங்க' என்று சும்மா கைவிரிக்க முடியாது. தலாக் நடந்ததாகக் காஜி கொடுக்கிற சர்டிபிகேட்டைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. முன்னாள் எம்.எல்.ஏ. பதர் சயீத் போட்ட வழக்கில், காஜிகள் அப்படிச் சான்று கொடுக்கக் கூடாது என்று 2017-லேயே சென்னை ஹைகோர்ட் தடை போட்டுவிட்டது. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத் ஏற்படுத்தினார், திரைக்குப் பின்னால் நிற்காமல் நேரே உட்கார்ந்து பேசுவதற்கு. லாத்தா காலத்தில் அது இருந்திருந்தால் பேப்பரில் என்ன எழுதியிருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இரண்டு மாசத்துக்கு முன்னால் மறுபடி ஒரு பஞ்சாயத்து. ஊர்ப் பெயர் வேண்டாம், பக்கத்து ஊர்தான். பையன் வளைகுடாவில், பெண்ணுக்கு நாலு வயசில் ஒரு ஆண் குழந்தை. பெண் வீட்டார் எனக்குத் தூரத்து உறவு. இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில்தான் அடிக்கிறார்கள். கரண்ட் போய்விட்டதால் யாரோ என் கையெழுத்து ஞாபகம் வந்து கூப்பிட்டார்கள். மூன்று லட்சம் என்று முடித்திருந்தார்கள். உட்கார்ந்தேன். ஒரு பேப்பரில் மூன்று லட்சத்தை எழுதினேன், பெண்ணுக்கு. பிறகு இன்னொரு பேப்பரை எடுத்து, குழந்தையின் பெயரை மேலே எழுதி, 'மாதந்தோறும் ரூ.' என்று போட்டுப் பக்கத்தில் இடம் விட்டேன்.

"என்ன நானா, ரெண்டு பேப்பர்?" என்றார் பையனின் சித்தப்பா.

"இது பிள்ளையோடது. அதுக்கு அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட முடியாதே" என்றேன்.

சத்தம் வந்தது. மொத்தமாக முடித்த விஷயத்தை நான் கெடுக்கிறேன் என்றார்கள். பெண்ணின் வாப்பாவே என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "வந்த காசும் போயிடப் போவுதுங்க" என்றார். அவர் பயம் நியாயம்தான். முதல் பேப்பரில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டாவதில் யாரும் போடவில்லை. அந்தப் பெண் மட்டும், இந்தக் காலத்துப் பெண், திரையெல்லாம் இல்லை, எங்களோடுதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அந்த இரண்டாவது பேப்பரை எடுத்து மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டாள்.

போன வாரம் குழந்தைக்காக மனுத் தாக்கல் ஆகியிருக்கிறது. முதல் வாய்தா அடுத்த மாசம். லாத்தா மகள்தான் சனிக்கிழமை வந்து அந்தப் பையனின் செலவுக் கணக்கை வரிசையாக எழுதிக் கொடுத்தாள். பால், ஸ்கூல் வேன், தடுப்பூசி என்று நாற்பது வரி. மறுபடி எழுதிக்கொடுக்க வேண்டாம் மாமா, என் கையெழுத்தே போதும் என்றாள்.